முப்பத்திரண்டாம் கம்பம்

மைக் அக்காவை நல்லவர் என்று சொல்லித் தொடங்க எனக்கு மனமில்லை. கெட்டவர் என்று சொல்லவும் என்னிடம் ஒன்றும் இல்லை. பதினோரு வருஷம் ஒரே வேலையை ஒழுங்காகச் செய்தவர் என்று சொல்லலாம், அது நிச்சயம். ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. தங்கள் ஒழுங்கைத் தாங்களே நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். மற்றவர்களும் நம்புகிறார்கள். அப்புறம் யாராவது ஒருவர் வந்து அந்த நம்பிக்கையை இரவல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

அவர் வேலை செய்தது நெடுஞ்சாலையை ஒட்டி, நகரம் முடிகிற இடத்தில் இருந்த டிரைவ்-இன் தியேட்டரில். ஊரில் அதைக் கார் கொட்டகை என்பார்கள். கட்டியவர் டிராக்டர் உதிரி பாகம் விற்றவர். செங்கல் சூளைக்கு மண் எடுத்து எடுத்துப் பள்ளமாகிப்போன நிலம் அவரிடம் மாட்டிக்கொண்டது. பயிருக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது, படத்துக்காவது ஆகட்டும் என்று நான்கு மாடி உயரத்துக்கு ஒரு வெள்ளைச் சுவரை எழுப்பினார். முதல் மழையில் மைதானம் குளமானது. "அங்க படம் பாக்க கார் எதுக்கு, படகு போதும்" என்று ஊரே சிரித்தது. அவர் ரோஷக்காரர். லாரி லாரியாக மண் அடித்து மேடாக்கி, வயலில் வரப்பு கட்டுவதுபோல் வரிசை வரிசையாகச் சரிவுகள் கட்டினார். முன்சக்கரம் சரிவில் ஏறி நின்றால் காரின் மூக்கு வானத்தைப் பார்க்கும்; உள்ளே சாய்ந்து உட்கார்ந்தால் திரை நேராக முகத்துக்கு வரும்.

காருக்கு ஒரு இரும்புக் கம்பம். கம்பத்தில் ஒரு எண், ஒரு ஒலிப்பெட்டி. பெட்டியை எடுத்துக் காரின் கண்ணாடியில் மாட்டிக்கொண்டால் படத்தின் சத்தம் வரும். மொத்தம் நூற்றிருபது கம்பங்கள். கூரை இல்லாத கொட்டகை என்பதால் காட்சி நேரத்தைச் சூரியன்தான் முடிவு செய்யும். கோடையில் ஏழேகால், மற்ற மாதங்களில் ஆறரை. அவசரப்பட்டு முன்னால் தொடங்கினால் கதாநாயகன் துவைத்துக் காயப்போட்ட சட்டை மாதிரி வெளுத்துத் தெரிவான்.

மைக் அக்காவின் அறை வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. எட்டடிக்கு ஆறடி. ஒரு ஜன்னல் வாசலைப் பார்க்கும், இன்னொன்று மைதானத்தை. மேஜையில் மைக், அதன் அடியில் ஒரு அழுத்து சுவிட்ச். அழுத்தினால் படத்தின் சத்தம் தணிந்து, நூற்றிருபது பெட்டிகளிலும் அக்காவின் குரல் வரும். விட்டால் மறுபடி படம். "கதாநாயகியையே வாயை மூட வைக்கிறவ நான்" என்று அவர் சொல்லிச் சிரிப்பது உண்டு.

காட்சிக்கு முன்னால் விதிகளைச் சொல்வார். முன்விளக்கைப் போடாதீர்கள், கதவைப் பலமாகச் சாத்தாதீர்கள், போகும்போது பெட்டியைக் கம்பத்தில் மாட்டிவிட்டுப் போங்கள். இந்தக் கடைசி விதியை யாராவது ஒருவர் தினமும் மறந்தார். கண்ணாடியில் பெட்டி தொங்க வண்டியை எடுப்பார். வயர் அறுந்து பெட்டி அவரோடு வீட்டுக்குப் போய்விடும். "நேத்து பெட்டியைக் கூட்டிட்டுப் போன ஐயா, அது உங்க வீட்டுல பாடாதுங்க. எங்க வீட்டுக்கே அனுப்பி வெச்சுடுங்க" என்பார் அக்கா. மைதானமே ஹாரன் அடித்துச் சிரிக்கும்.

படம் தொடங்கிய பிறகு விளையாட்டு கிடையாது. அப்போது அவர் படிப்பதெல்லாம் சீட்டு மட்டும்.

சீட்டின் முறை இது. உள்ளே படம் பார்க்கிற ஒருவரைத் தேடி யாராவது வந்தால், அவரை மைதானத்துக்குள் விட மாட்டார்கள். எந்தக் கார் எந்தக் கம்பத்தில் நிற்கிறது என்பதையும் சொல்ல மாட்டார்கள். அது கொட்டகை தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் கட்டுப்பாடு. காருக்குள் யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது காருக்குள் இருப்பவர்கள் பாடு. வந்தவர் சேதியை வாசலில் சொல்ல வேண்டும். வாசல்காரர் விசாரிப்பார்: நீங்கள் யார், என்ன அவசரம், உண்மைதானா. திருப்தியானால் கம்பத்தின் எண்ணையும் சேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அடியில் ஒரு சரிக்குறி போட்டு ஜன்னல் வழியாக நீட்டுவார். நான் விசாரித்துவிட்டேன் என்பதற்கு அந்தக் குறி. குறி இல்லாத சீட்டை அக்கா படிக்க மாட்டார். குறி இருந்தால் ஒரு எழுத்துகூட மாற்றாமல் இரண்டு தடவை படிப்பார். கேட்டவர் ஒரு சின்ன ஹாரன் கொடுப்பார். வருவதும் வராததும் அவர் விருப்பம்.

எத்தனையோ சீட்டுகள். தகப்பனான சேதி, வீட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்ட சேதி, ஒரு தடவை மரணம். பதினோரு வருஷத்தில் ஒன்றுகூடப் பொய்யாக இருந்ததில்லை. ஏனென்றால் வாசல்காரர் அவருடைய கணவர்.

புதன்கிழமைகளில் ஒரு வேன் வரும். பக்கத்தில் ஏதோ நிறுவனத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன். ஓட்டுகிற பையனுக்கு இருபத்தாறு இருக்கலாம். கூட ஒரு பெண், மருந்துக்கடையில் வேலை. உயரமான வண்டி பின்வரிசையில்தான் நிற்க வேண்டும் என்பதால் அவர்களுக்கு எப்போதும் முப்பத்திரண்டாம் கம்பம். இடைவேளையில் அந்தப் பெண் தண்ணீர் பிடிக்க அக்காவின் அறைக்கு வருவாள்.

"என்னம்மா, படம் எப்படி?"

"சத்தியமா தெரியாதுக்கா. நாங்க பேசிட்டே இருந்தோம்."

"அப்போ பெட்டி எதுக்கு மாட்டறீங்க?"

"உங்க குரல் வருமே, அதுக்குத்தான்."

அக்காவுக்கு அது பிடித்தது. புகழ்ச்சியை அவர் வேண்டாம் என்று சொல்கிற ரகம் இல்லை.

அந்தப் புதன்கிழமை படம் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஜன்னல் வழியாகக் கணவரின் கை சீட்டை நீட்டியது. 'கம்பம் 32, அங்கே இருக்கும் பெண்ணுக்கு. உங்கள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உடனே வாசலுக்கு வரவும்.' அடியில் சரிக்குறி.

 அக்கா முறைப்படி இரண்டு தடவை படித்தார். இரண்டாம் தடவை குரலை இன்னும் கொஞ்சம் மென்மையாக்கினார். பயந்து ஓடிவந்து இருட்டில் விழுந்துவிடக்கூடாதே என்று. பின்வரிசையிலிருந்து ஒரு சின்ன ஹாரன் கேட்டது.

அந்தப் பெண் வந்தாள். வேனில் கழற்றிப் போட்ட செருப்பைத் தேட நேரமில்லாமல் வெறுங்காலோடு வந்தாள். பையனைக் கூட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் அப்பா இருப்பார். தான் இங்கே வருவது கடைத் தோழி ஒருத்திக்குத்தான் தெரியும், அவசரம் என்றதும் அவள்தான் சொல்லியனுப்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். அறைக்கு எதிரே வந்து மூச்சு வாங்க, "எந்த ஆஸ்பத்திரிக்கா?" என்றாள்.

அக்காவுக்குத் தெரியாது. கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார்.

டிக்கெட் அறைக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். கூட இரண்டு சித்தப்பாக்கள். வாசலுக்கு வெளியே ஒரு கார், கதவு திறந்தபடி. பின் இருக்கையில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தார். நோய் எதுவும் இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

சத்தம் போடவில்லை யாரும். ஒரு சித்தப்பா கையைப் பிடித்தார், இன்னொருவர் முதுகில் கை வைத்தார். பார்க்கிறவர்களுக்கு ஆறுதல் சொல்லி அழைத்துப் போவதுபோல்தான் இருக்கும். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. கடைசிவரை திரும்பி அக்காவையே பார்த்தாள்.

"உங்க குரல்னுதான் வந்தேன்" என்றாள். கதவு சாத்தப்பட்டது.

திரையில் யாரோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பையன் படம் முடியும்வரை வேனிலேயே காத்திருந்தான். அவள் சேதி சொல்லி அனுப்புவாள் என்று நினைத்திருப்பான். கார்கள் கிளம்பத் தொடங்கியதும் ஜன்னலுக்கு வந்தான். கையில் அவள் செருப்பு.

"அக்கா, அவங்க அம்மா எந்த ஆஸ்பத்திரி?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் கணவர் சொன்னார்: "அவங்க வீட்டுக்குப் போய்ட்டாங்க தம்பி. நீயும் கிளம்பு."

"வீட்டுக்கா? அம்மா நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க."

"எனக்கு ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைப் பிறகு அக்கா பலமுறை யோசித்திருக்கிறார். வீட்டுக்குத்தான் போனாள். அம்மா நன்றாகத்தான் இருந்தார். அவனுக்கு என்று ஒன்றும் சொல்லவில்லைதான். உண்மையான வார்த்தைகளை மட்டும் அடுக்கி ஒரு முழுப் பொய்யைக் கட்ட முடியும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அது தெரிய எந்தப் புத்தகமும் வேண்டியதில்லை. படித்தவர்கள் பலருக்கு இது வயதான பிறகும் பிடிபடுவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அக்கா கேட்டார். "அந்த அம்மாவுக்கு ஒண்ணும் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"முந்தாநாள் அந்தப் பொண்ணோட அப்பா என்னை வந்து பார்த்தாரு. அழுதாரு. ஒரு ஆம்பள நம்ம முன்னாடி நின்னு அழுதா என்ன பண்றது?"

"அப்போ காலையில நான் தோசை ஊத்திட்டு இருக்கும்போதே தெரியும்."

"தெரியும்னு சொல்றேன்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நிதானமாகத்தான் பதில் சொன்னார். "சொன்னா நீ படிச்சிருக்க மாட்ட. அப்படியே படிச்சாலும் உன் குரல்ல தெரிஞ்சிருக்கும். அந்தப் பொண்ணு வந்திருக்காது."

பதினோரு வருஷத்தில் தன் வேலையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அதுதான் என்று அக்கா என்னிடம் சொன்னார். சொன்னபோது சிரித்தார். தெரிந்து பொய் சொல்லத் தெரியாதவள் என்பதால்தான் அவர் தன்னைத் தேர்ந்தெடுத்தார். திருடன் பூட்டை உடைக்கவில்லை. சாவியையே திருட வைத்தான்.

கணவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. "நமக்கும் ஒரு பொண்ணு இருக்கு. நாளைக்கு அவ இப்படி எவனோ வேன் ஓட்டறவனோட இருட்டுல உக்காந்திருந்தா நீ சும்மா இருப்பியா? பெத்தவங்க கேட்டாங்க. செஞ்சேன். அந்த அம்மாவுக்கு உடம்புதான் நல்லா இருக்கு, மனசு நல்லாவா இருந்திருக்கும்? அதுவும் ஒரு நோய்தானே?"

"அப்போ சீட்டுல அப்படியே எழுதியிருக்கலாமே. 'உங்க அம்மாவுக்கு மனசு சரியில்ல, வாங்க'ன்னு."

"எழுதினா யாரு வருவா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

பதினெட்டு வயது மகள் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை மூடிவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள். "அப்பா, நாளைக்கு எனக்கு 'அம்மாவுக்கு முடியல'ன்னு ஃபோன் வந்தா, அது நிஜமான்னு நான் யார்கிட்ட கேக்கணும்?"

"போய்ப் படி" என்றார் அவர். அவள் போனாள். அன்றிரவு வீட்டில் மூன்று பேரும் மூன்று வேளையில் சாப்பிட்டார்கள்.

கொட்டகைக்குத் தொடர்ந்து வருகிறவர்கள் ஐம்பது அறுபது குடும்பம்தான். சேதி பரவப் பத்து நாள் ஆகவில்லை. முதலில் இளம் ஜோடிகள் வருவது நின்றது. பிறகு அக்கா சீட்டைப் படித்தால் ஹாரன் வருவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஏழாம் கம்பத்துக்கு ஒரு சீட்டு: வீட்டில் மாமியார் வழுக்கி விழுந்துவிட்டார். இரண்டு தடவை படித்தார், பதில் இல்லை. மூன்றாம் தடவை படித்தபோது எங்கிருந்தோ ஒரு குரல் கத்தியது: "யாரோட அப்பா வந்திருக்காரு?" சுற்றியிருந்த கார்களில் சிரிப்பு. கடைசியில் அக்காவே எழுந்து, சரிவுகளில் தடுக்கித் தடுக்கி நடந்து, அந்தக் காரின் கண்ணாடியைத் தட்டினார். அதிலிருந்தவர் கண்ணாடியை நான்கு விரல் அளவு மட்டும் இறக்கினார்.

"நிஜமாவாம்மா?"

"நிஜமாத்தாங்க."

"உங்க மேல சத்தியமா?"

ஐம்பது வயதில் ஒரு முன்பின் தெரியாத ஆளிடம் தன் மேல் சத்தியம் செய்தார்.

அதற்குப் பிறகுதான் மைக்கிலேயே அதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். முறைப்படி முதலில் மேனேஜரிடம் கேட்டார். மேனேஜர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர்.

"அம்மா, இது சினிமாக் கொட்டகை. திரையில வர்ற அத்தனையும் பொய்யி. அதைப் பாக்கத்தான் வர்றாங்க. நடுவுல உங்க உண்மை ஒண்ணை ஓட்டணுமா?"

"திரையில வர்றது பொய்னு அவங்களுக்குத் தெரியும் சார். நான் சொன்னது பொய்னு தெரியாது."

"இப்பதான் ஊருக்கே தெரியுமே."

"நான் சொல்லி இன்னும் தெரியல."

வேண்டாம் என்றார் மேனேஜர். சனிக்கிழமை, கூட்டம் நிறைந்த நாள், விதிகளைச் சொல்லி முடித்த கையோடு அக்கா சுவிட்சிலிருந்து விரலை எடுக்காமல் தொடர்ந்தார்: "மூணு வாரத்துக்கு முன்னாடி புதன்கிழமை முப்பத்திரண்டாம் கம்பத்துக்கு நான் படிச்ச சேதி பொய். அந்த அம்மாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. சீட்டை எழுதினது வாசல்ல இருக்கறவர், என் வீட்டுக்காரர். படிச்சது நான். தெரியாம படிச்சேன். ஆனா படிச்சது நான்தான். மன்னிச்சிடுங்க."

 மைதானமெங்கும் ஹாரன்கள். அக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம்தான் காதில் விழுந்தது: "படத்தைப் போடுங்கப்பா!"

வாசலில் நின்ற கணவர் 'என் வீட்டுக்காரர்' என்ற தன் பெயரில்லாத பெயரை நூற்றிருபது பெட்டிகளிலிருந்தும் கேட்டார். ஜன்னலுக்கு வந்தார், டார்ச் விளக்கு கையில் எரிந்தபடியே இருந்தது.

"ஊரு முன்னாடி என்னைக் காட்டிக்கொடுத்துட்டல்ல."

"நீங்க செஞ்சதைத்தான் சொன்னேன்."

"வீட்டுல எத்தனை தடவை வேணாலும் சொல்லியிருக்கலாம். வாங்கிட்டிருப்பேன்."

"வீட்டுல நான் படிக்கலையே. இங்கதானே படிச்சேன்."

திங்கட்கிழமை அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கணவரை நிறுத்தவில்லை. சீட்டில் பொய் எழுதியது ஒரு நாள் தவறு என்று நிர்வாகம் நினைத்தது; மைக்கில் உண்மை சொன்னது தொழிலுக்கே கேடு. அதற்குப் பிறகு அறிவிப்பு எல்லாம் ஒலிநாடாவில் பதிந்த ஒரு ஆண் குரல். சீட்டுமுறை நிறுத்தப்பட்டது.

வீட்டில் அக்காவும் கணவரும் மகள் வழியாகப் பேசிக்கொண்டார்கள். "உங்கப்பாகிட்ட கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்லு." "உங்கம்மாகிட்ட கேட்டுட்டேன்னு சொல்லு." மகள் சில நாள் கடத்தினாள், பிறகு, "நான் என்ன ஒலிப்பெட்டியா?" என்று நிறுத்திவிட்டாள். ஆனாலும் அடுத்த எட்டு மாதங்களை அக்கா ஒருவித நிமிர்வோடுதான் கழித்தார். வேலை போனது, வீட்டில் பேச்சு போனது. ஆனால் துரோகம் செய்யப்பட்டவள் தான் என்பதும், அதைத் திறந்து சொன்னவள் தான் என்பதும் கைவிட்டுப் போகவில்லை. மனிதருக்கு வேறொன்றும் இல்லாதபோது இது போதுமான சொத்து. கணவர் எதிரே வந்து உட்காரும்போதெல்லாம் அக்கா அந்தச் சொத்தின் மேல் சாய்ந்துகொள்வார்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. ஊருக்குச் சொன்னதை அந்தப் பெண்ணிடம் நேரில் சொல்ல வேண்டும்.

டைல்ஸ் கடைக்குப் பிற்பகலில் போனார். சுவரெல்லாம் சதுரம் சதுரமாக மாதிரிகள். அப்பா இல்லை. அந்தப் பெண் சாம்பல் நிறப் புடவையில், ஒரு மாதிரிக் கல்லை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடைக்கு அனுப்புவதில்லை போலிருக்கிறது.

"வாங்க. ஹாலுக்கா, பாத்ரூமுக்கா?"

"நான் டைல்ஸ் வாங்க வரலம்மா."

அவள் கை நின்றது. நிமிர்ந்து பார்க்க அவளுக்கு அவசரம் இல்லை. "தெரியுது. சொல்லுங்க."

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். சீட்டு, சரிக்குறி, கணவர், மைக்கில் சொன்னது, வேலை போனது. மூச்சு விடாமல் சொன்னார். அந்தப் பெண் மறுபடி கல்லைத் துடைத்தபடி கேட்டாள்.

"மைக்ல சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றாள் முடிவில். "யாருக்கு சொன்னீங்க?"

"உனக்காகத்தாம்மா."

"நான் அங்க இல்லையே. அவரும் இல்ல. அவர் அப்புறம் அந்தப் பக்கமே வரல."

"எனக்கு வேற வழி தெரியல."

"தெரியாம படிச்சீங்க. அது எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. உங்க மூஞ்சியைப் பாத்தேனே, நீங்க என்னைவிட பயந்து போயிருந்தீங்க. அதுக்கு நான் உங்களை ஒண்ணும் சொல்லல." கல்லை அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். "என்னைக் கார்ல ஏத்தி கதவைச் சாத்தற வரைக்கும் எவ்ளோ நேரம் இருக்கும்? ரெண்டு நிமிஷம்? மூணு?"

அக்கா மனதுக்குள் எண்ணிப் பார்த்தார்.

"மைக் உங்க கைக்குப் பக்கத்துல இருந்துச்சு. சுவிட்சு மேல உங்க விரல்கூட இருந்துச்சு, நான் பாத்தேன். அவர் அங்கதான் வேன்ல உக்காந்திருந்தாரு, பெட்டி காதுக்குப் பக்கத்துல. 'தம்பி, வாசலுக்கு வா.' அவ்ளோதான். நாலு வார்த்தைகூட இல்ல. அதுக்குத்தான் உங்களையே பாத்துட்டு இருந்தேன்."

"எனக்கு அப்போ ஒண்ணும் ஓடலம்மா. சீட்டு இல்லாம நான்..."

"சீட்டு இல்லாமயா?"

அவள் கேட்டதில் கோபம் இல்லை. உண்மையாகவே புரியாதவள்போல் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை என்றார் அக்கா.

"அப்புறம் படம் விட்டதும் அவர் வந்து கேட்டாராமே. வீட்டுக்குப் போய்ட்டாங்கன்னு சொன்னீங்களாமே. நான் மனசு மாறி நானாப் போய்ட்டேன்னு நினைச்சுக்கிட்டாரு. தோழிகிட்ட அப்படித்தான் சொன்னாராம்."

"நான் சொல்லல. சத்தியமா என் வாயால சொல்லல. என் வீட்டுக்காரர்தான்..."

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா இல்லையா?"

"இருந்தேன்."

உள்ளே ஒரு தம்பதி வந்தார்கள். சமையலறைக்கு வழுக்காத கல் வேண்டும் என்றார்கள். அந்தப் பெண், "இதோ வரேன்" என்று அவர்களிடம் போனாள். போகும்போது அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அக்கா வெளியே வந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் தடுமாறினார் என்பது இன்னும் நினைவிருக்கிறதாம்.

இதைச் சொல்லும்போது அவர் என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நானும் ஆறுதல் சொல்லவில்லை. பதினோரு வருஷம் எழுதியதை மட்டுமே படித்த ஒருவர், எழுதாத ஒன்றைச் சொல்ல வேண்டிய ஒரே நேரத்தில் ஊமையாகிப்போனார் என்பதற்கு என்ன ஆறுதல் இருக்கிறது? ஒழுங்கு அவரைக் காப்பாற்றும் என்று நம்பினார். அதுவும்தான் அவருக்குத் துரோகம் செய்தது.

வீட்டுக்கு வந்தபோது கணவர் வேலைக்குக் கிளம்பிச் சட்டை பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா எங்கே போய்வருகிறார் என்பது மகள் சொல்லி அவருக்குத் தெரிந்திருந்தது. அக்கா வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காராமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். எட்டு மாதமாகக் கணவர் மேல் கோபப்பட்டுச் சாய்ந்துகொண்டிருந்த இடம் திடீரென்று இல்லாமல் போயிருந்தது.

கணவர் கடைசிப் பொத்தானைப் போட்டார். கதவு வரைக்கும் போய் நின்றார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக, மகள் வழியாக இல்லாமல், நேரே கேட்டார்:

"என்னைப் பத்தி ஏதாவது சொல்லிச்சா அந்தப் பொண்ணு?"

அக்கா யோசித்துப் பார்த்தார்.

"இல்ல" என்றார். "உங்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லல."